தினமும் நீந்துபவருக்கு எந்த நீச்சல் உடை?

வாரத்தில் ஐந்து நாள் காலையில் நீந்த ஆரம்பித்து மூன்றாவது மாதம். பக்கத்து லேனில் நீந்தும் அக்கா ஒருவர் உடை மாற்றும் அறையில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "தப்பா எடுத்துக்காதம்மா, பின்பக்கம் துணி மெலிஞ்சு போச்சு, உள்ள தெரியுது" என்றார். வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தேன். உட்காரும் இடத்தில் துணி கொசுவலை மாதிரி ஆகியிருந்தது. முன்பக்கமோ ஏறக்குறைய புதுசு. ஒரு தையல்கூடப் பிரியவில்லை. நல்ல விலை கொடுத்து வாங்கிய உடைதான். உள்ளே இருந்த லேபிளை அன்றுதான் முதல்முறையாகப் படித்தேன்: நைலான் 80 சதவீதம், எலாஸ்டேன் 20 சதவீதம்.

அதை மட்டமான உடை என்று சொல்ல மாட்டேன். விடுமுறைக்குப் போன இடத்தில் வருடத்துக்குப் பத்து நாள் நீந்துபவருக்கு அது பல வருடம் வந்திருக்கும். வாரம் ஐந்து மணி நேரம் குளோரின் தண்ணீரில் கிடப்பதற்கான துணி அது இல்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு பல உடைகளை மாற்றிப் பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவாகியிருக்கிறது. ஒரு நீச்சல் உடை எத்தனை காலம் உழைக்கும் என்பதைப் பெரும்பாலும் அதன் இழை தீர்மானிக்கிறது. உடம்புக்கு அது எவ்வளவு இதமாக இருக்கும் என்பதை வெட்டும் அளவும் தீர்மானிக்கின்றன. இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். கடையில் நிற்கும்போது இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கையில் தொட்டால் மெத்தென்று இருப்பதை எடுக்கிறோம். பெரும்பாலும் அப்படி மெத்தென்று இருப்பதுதான் முதலில் போகிறது.

குளோரின் எதைத் தின்கிறது

நன்றாகப் பராமரிக்கப்படும் நீச்சல் குளத்தில் பொதுவாகப் பத்து லட்சம் பங்கு தண்ணீருக்கு 1 முதல் 3 பங்கு வரை குளோரின் இருக்கும். கேட்கக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் தண்ணீரில் குளோரின் ஹைப்போகுளோரஸ் அமிலமாக நின்று, எதிர்ப்படும் கிருமியின் உடலை ஆக்சிஜனேற்றம் செய்து கொல்கிறது. கிருமியை மட்டும் பார்த்துத் தாக்க அதற்குத் தெரியாது. நம் முடி, தோல், துணி, சாயம் எல்லாவற்றிலும் அதே வேலையைச் செய்கிறது.

அதற்கு மிக எளிதாக இரையாவது எலாஸ்டேன். ஸ்பான்டெக்ஸ் என்று லேபிளில் போட்டிருந்தாலும், லைக்ரா என்று போட்டிருந்தாலும் இழை இதுதான். லைக்ரா ஒரு வணிகப் பெயர். இந்த இழை 1958இல் அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளரால் உருவாக்கப்பட்டது. தன் நீளத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இழுபட்டு, விட்டதும் பழைய நீளத்துக்கே திரும்பும். இன்றைய நீச்சல் உடை உடம்போடு ஒட்டி நிற்கிறது என்றால் அந்தப் புண்ணியம் இந்த இழைக்குத்தான். அதன் மூலக்கூறு, மிருதுவான நீளத் துண்டுகளும் கெட்டியான சிறு துண்டுகளும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. அந்தச் சங்கிலியைக் குளோரின் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. ஒவ்வொரு கண்ணியாக அறுந்து போக, துணி இழுபடும், ஆனால் திரும்பாது. முழங்கால் தொய்ந்த பழைய பேன்ட் போல ஆகிவிடும். உட்காரும் இடத்திலும் மார்பின் மேல்பகுதியிலும் முதலில் தெரிவதற்குக் காரணம், அங்கேதான் துணி அதிகம் இழுபட்டு நிற்கிறது. பின்பக்கம் போதாக்குறைக்குக் குளத்தின் சிமென்ட் விளிம்பிலும் உரசுகிறது.

நைலானும் குளோரினுக்கு முன்னால் பலவீனமானதுதான், எலாஸ்டேன் அளவுக்கு வேகமாகப் போகாது. அதன் சாயம் சீக்கிரம் வெளுக்கும். கருப்பு பழுப்பாகும், நீலம் ஒரு மாதிரி ஊதாவாகும். பாலியஸ்டர் இந்த விஷயத்தில் கல். குளோரின் அதை அவ்வளவாக அசைப்பதில்லை. சாயமும் அதில் இழைக்குள் ஊறி நிற்பதால் நிறம் நிலைக்கிறது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. சாதாரணக் காற்றில் நைலான் தன் எடையில் 4 சதவீதம் அளவுக்கு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். காலையில் நீந்திவிட்டு மறுநாள் காலையில் அதே உடையைப் போடுபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. பாலியஸ்டர் காய்ந்திருக்கும். நைலானில் இடுப்புப் பக்கம் இன்னும் ஜில்லென்று இருக்கும்.

சரி, அப்படியானால் முழுக்கப் பாலியஸ்டரிலேயே தைத்துவிட வேண்டியதுதானே? சாதாரணப் பாலியஸ்டர் இழுபடாது, அதுதான் பிரச்சினை. இங்கேதான் பிபிடி வருகிறது. பாலிபியூட்டிலீன் டெரிப்தாலேட் என்பது முழுப்பெயர். பாலியஸ்டர் குடும்பத்தின் ஒன்றுவிட்ட சகோதரன். கம்ப்யூட்டர் கீபோர்டின் தரமான பொத்தான்களும் இதே பிளாஸ்டிக்கில் செய்யப்படுகின்றன. சாதாரணப் பாலியஸ்டரின் மூலக்கூறில் இரண்டு கார்பன் அணுக்கள் சேர்ந்த இணைப்பு வரும் இடத்தில், இதில் நான்கு கார்பன் அணுக்கள். அந்த நீளமான இணைப்பு வளைந்து கொடுக்கிறது. நூலைச் சுருள் சுருளாகத் திரித்துவிட்டால் ஸ்பிரிங் போல இழுபட்டுத் திரும்பும். எலாஸ்டேன் தரும் இழுவையில் பாதிகூட இருக்காது. ஆனால் இருக்கிற இழுவை குளோரினால் போகாது.

உப்புத் தண்ணீர்க் குளத்தில்தான் நீந்துகிறேன், எனக்கு இந்தக் கவலை இல்லை என்று சிலர் சொல்வார்கள். அங்கேயும் குளோரின்தான். கரைத்த உப்பை மின்சாரத்தால் பிரித்து, அந்த இடத்திலேயே குளோரினாக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டுவதில்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

நான்கு துணிகள்

கடையில் பயிற்சி உடை என்று கிடைப்பவற்றை இழையை வைத்து நான்காகப் பிரிக்கலாம்.

நைலான், எலாஸ்டேன் கலவை முதலாவது. எலாஸ்டேன் 18 முதல் 22 சதவீதம் வரை இருக்கும். போட்டதும் இரண்டாவது தோல் மாதிரி ஒட்டும். எந்த உடல்வாகுக்கும் இழுபட்டுப் பொருந்தும். முதல் நாள் சௌகரியத்தில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. அடிக்கடி நீந்துபவர்களிடம் சில மாதங்களுக்கு மேல் தாங்காது. மறுசுழற்சி நைலானில் செய்தது என்று வருபவையும் இந்த வகைதான். பழைய மீன்வலையிலிருந்து நூல் எடுப்பது நல்ல காரியம், எனக்கும் அதில் மரியாதை உண்டு. ஆனால் குளோரினுக்கு அது புது நைலானா பழைய நைலானா என்ற பேதம் கிடையாது. மூன்று மாதத்தில் குப்பைக்குப் போகும் உடை எந்த நூலில் நெய்ததாக இருந்தாலும் சுற்றுச்சூழலுக்கு நன்மை என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது, அதே நைலானோடு குளோரினைத் தாங்கும்படி மாற்றியமைத்த எலாஸ்டேன் சேர்ந்தது. லைக்ரா எக்ஸ்ட்ரா லைஃப் என்ற பெயரை லேபிளில் பார்த்திருப்பீர்கள். இந்த மாதிரி இழைகள் சாதாரண எலாஸ்டேனைவிடப் பல மடங்கு தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். என் அனுபவத்திலும் வித்தியாசம் தெரிந்தது. மெத்தென்ற தன்மை அப்படியே இருக்கிறது, ஆயுள் கூடுகிறது. ஆனாலும் இது தள்ளிப்போடுவதுதான், தடுப்பது இல்லை. ஒரு நாள் அதுவும் தொய்யும்.

மூன்றாவது, பாலியஸ்டரோடு கொஞ்சமே எலாஸ்டேன் சேர்த்தது. இது நடுவழி. நிறம் நிற்கும், இழுவை ஓரளவு இருக்கும். எலாஸ்டேன் தளர்ந்த பிறகும் பாலியஸ்டர் துணியாக உருவத்தைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கும். எலாஸ்டேன் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஐந்தாறு என்றால் நடுவழி என்ற பேச்சு பொருந்தும். இருபது என்றால் பெயர்தான் பாலியஸ்டர், ஆயுளைத் தீர்மானிக்கப்போவது அந்த இருபதுதான்.

கடைசியாக, எலாஸ்டேனே இல்லாத பாலியஸ்டர், பிபிடி கலவை. ஸ்பீடோவின் எண்டூரன்ஸ் பிளஸ், அரீனாவின் மேக்ஸ்லைஃப் ஆகியவை இந்த வழியில் வந்தவை. இரண்டு இழையும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி இருக்கும். என்னிடம் இருக்கும் இப்படிப்பட்ட ஒன்று ஒரு வருடத்தைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது, நிறம்கூட அவ்வளவாகப் போகவில்லை. இதன் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் விறைப்பாக இருக்கும். போடும்போது தொடைக்கு மேல் ஏற்ற மல்லுக்கட்ட வேண்டும். துணி உடம்பைத் தேடி வந்து ஒட்டாது, உடம்புதான் துணியின் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். அதனால் அளவில் தவறு செய்தால் இந்த உடை மன்னிக்காது.

பிராண்டு பெயரை வைத்து மட்டும் வாங்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். ஒரே நிறுவனம் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பெயரில் எலாஸ்டேன் உள்ள உடையையும் இல்லாத உடையையும் விற்பதுண்டு. அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் "குளோரினைத் தாங்கும்" என்ற வரி இரண்டிலும் இருக்கும். உள்ளே இடுப்போரம் தைத்திருக்கும் சின்ன வெள்ளைத் துண்டில்தான் சதவீதம் இருக்கும். இணையத்தில் வாங்கினால் துணி விவரம் என்ற பகுதியைத் திறந்து படியுங்கள். அந்த விவரமே போடாத கடையில் பயிற்சி உடை வாங்காமல் இருப்பது நல்லது.

உடம்புக்குப் பொருந்துவது

இழையைத் தேர்ந்தாயிற்று. இனி சௌகரியம். அளவு சரியில்லாத உடையில் ஒரு மணி நேரம் நீந்தியவருக்குத் தெரியும், அது தண்ணீரில் போடும் சண்டை வேறு எங்கும் வராது.

துணி நனைந்தால் தளரும். ஆகவே கரையில் நின்று பார்க்கும்போது "சரியாக இருக்கிறது" என்று தோன்றும் உடை தண்ணீரில் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். நைலான், எலாஸ்டேன் கலவை என்றால் கரையில் சற்று இறுக்கமாக இருக்க வேண்டும். பிபிடி உடையில் இந்த விதியை அப்படியே வைத்தால் மாட்டிக்கொள்வோம். அது அவ்வளவாகத் தளராது என்பதால், வழக்கமாக எடுக்கும் அளவில் தோள் அழுந்தினால் ஒரு அளவு மேலே போவதில் தப்பில்லை. நான் முதலில் எடுத்தது வழக்கமான அளவு. இருபதாவது நிமிடத்திலேயே தோள் வார் சதையில் பதிந்து கோடு போட்டுவிட்டது. மாற்றி எடுத்த பிறகுதான் அந்தத் துணியை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது.

ஒற்றை உடை போடும் பெண்கள் இடுப்பையும் மார்பையும் மட்டும் அளந்து வாங்குகிறோம். உண்மையில் அதிகம் தொல்லை கொடுப்பது உடல் நீளம். ஒரு தோளின் மேல் டேப்பை வைத்து, முன்பக்கமாக இறக்கி, கால்களுக்கு நடுவே கொண்டுபோய், முதுகு வழியாக அதே தோளுக்குக் கொண்டுவந்தால் வருவது உங்கள் உடல் நீளச் சுற்று. நல்ல அளவு அட்டவணைகளில் இதற்கென்று தனி வரிசை இருக்கும். உயரம் குறைவாக இருந்து உடல் நீளமாக இருப்பவர்கள் உண்டு. உயரமாக இருந்து கால் மட்டும் நீளமானவர்களும் உண்டு. முன்னவருக்கு எந்த உடையும் தோளில் இழுக்கும், கீழே வெட்டும். பின்னவருக்கு அடிமுதுகில் துணி மடிந்து பை போல நிற்கும். இரண்டு பேரும் "எனக்கு எந்த நீச்சல் உடையும் ஒத்துவராது" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அளவெடுத்தால் தீர்ந்துவிடும் குறை அது.

போட்டுப் பார்க்கும் அறையில் சும்மா கண்ணாடி முன் நிற்பது போதாது. இரண்டு கைகளையும் காதோடு ஒட்டி மேலே நீட்டுங்கள், சுவரை உதைத்துக் கிளம்பும்போது நிற்பது போல. தோள் வார் இழுக்கிறதா, கால்பக்கம் மேலே ஏறுகிறதா? பிறகு முழுக்கக் குந்துங்கள். பிறகு கையை ஃப்ரீஸ்டைல் போலப் பத்துப் பதினைந்து தடவை சுழற்றுங்கள். கழுத்தோரமும் அக்குளோரமும் எங்கே உரசுகிறது என்று அப்போதே தெரியும். தோள் வாரை விரலால் தூக்கினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் எழும்ப வேண்டும். காது வரை வந்தால் பெரிது, அசையவே இல்லை என்றால் சிறிது. மார்பின் மேல் விளிம்பில் துணி உடம்போடு படிந்திருக்க வேண்டும். அங்கே இடைவெளி இருந்தால் சுவரை உதைத்துக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் உள்ளே புகுந்து வயிற்றுப் பக்கம் பை கட்டும். 25 மீட்டர் குளத்தில் 2 கிலோமீட்டர் நீந்தினால் சுமார் 80 தடவை அந்தப் பையைச் சுமந்து கிளம்ப வேண்டியிருக்கும்.

பெண்களுக்கான வெட்டில் முதுகுதான் முக்கியம். மெல்லிய வார், திறந்த முதுகு என்றால் தோள் தாராளமாகச் சுழலும். பட்டர்ஃபிளை, பேக்ஸ்ட்ரோக் அதிகம் செய்பவர்களுக்கு அது சுகம். ஆனால் மெல்லிய வார் எடையைக் குறைந்த இடத்தில் தாங்குவதால் தோளில் பதியும். மார்பு கனமானவர்களுக்கு அகலமான வார், கொஞ்சம் உயர்ந்த கழுத்து, உள்ளே எலாஸ்டிக் பட்டி வைத்த லைனிங் ஆகியவை உள்ள உடைதான் நிம்மதி. அழகுக்காக மெல்லிய வாரை எடுத்துவிட்டு ஒவ்வொரு திருப்பத்திலும் சரிசெய்துகொண்டிருப்பது பயிற்சியையே கெடுக்கும். முதுகில் முடிச்சுப் போடும் வகையும் உண்டு. துணி தளரத் தளர இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம் என்பதால் அது ஓரளவு ஆயுளையும் கூட்டுகிறது. இரண்டு துண்டுப் பயிற்சி உடையில் உடல் நீளப் பிரச்சினையே வராது. கீழ்த் துண்டில் நாடா இருப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் சுவரை உதைக்கும்போது இறங்கும். உடம்பு அதிகம் மூடியிருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் தொடை முழுக்க மூடி முழங்கால் வரை வரும் ஒற்றை உடையையோ, முழுக்கையும் முழுக்காலும் உள்ளதையோ எடுக்கலாம். துணி கூடினால் தண்ணீரின் இழுவையும் கூடும், பயிற்சியில் அது ஒன்றும் நஷ்டமில்லை. தொளதொளவென்று இல்லாமல் உடம்போடு படிந்திருந்தால் போதும். மனசுக்கு நிம்மதியாக இருக்கிற உடையில்தான் மறுநாளும் நீந்த வருவோம்.

ஆண்களுக்குத் தேர்வு எளிது. பிரீஃப் எனப்படும் சின்ன உடையில் துணி குறைவு, உரசும் இடமும் குறைவு. பிரெஸ்ட்ஸ்ட்ரோக் உதைக்கு இதைப் போலக் காலை விடுவது வேறு எதுவும் இல்லை. சீக்கிரம் காயும். முழங்காலுக்குச் சற்று மேல்வரை வரும் ஜாமர் தொடைகள் ஒன்றோடொன்று உரசுவதைத் தடுக்கும். கூச்சப்படுகிறவர்களுக்கும் அதுதான் சௌகரியம். தொடை விளிம்பு மேலே சுருண்டு ஏறுகிறதா என்பதை மட்டும் பார்த்து வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவே தொடையின் மேல்பகுதியை மட்டும் மூடும் சதுர வெட்டு உண்டு. எதை எடுத்தாலும் இடுப்பில் நாடா கட்டாயம் வேண்டும், வெறும் எலாஸ்டிக் பட்டியை நம்பி டைவ் அடிக்கக் கூடாது. கடற்கரைக்குப் போடும் தொளதொள ஷார்ட்ஸ் பயிற்சிக்கு ஆகாது. அதன் பைகளில் தண்ணீர் நிரம்பி இடுப்பைக் கீழே இழுக்கும், நீந்தும் நிலையே கெட்டுவிடும்.

தையலையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். உள்பக்கம் திருப்பி, தையல் தட்டையாகப் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவினால் தெரியும். மேடு தட்டும் தையல் அக்குளிலோ தொடை இடுக்கிலோ இருந்தால் ஒரு மணி நேரத்தில் தோல் சிவந்துவிடும். உரசும் இடத்தில் பெட்ரோலியம் ஜெல்லி தடவிக்கொள்வது உதவும். ஆனால் எண்ணெய்ப் பசை எலாஸ்டேனுக்கு ஆகாது என்பதால் துணியில் படாமல் கொஞ்சமாகத் தடவுங்கள்.

போட்டிக்கான உடையைப் பயிற்சிக்கு வாங்கலாமா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. வேண்டாம். 2008இல் வந்த ஸ்பீடோ எல்இசட்ஆர் ரேசரும் அதைத் தொடர்ந்து வந்த, துணிக்குப் பதில் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன உடைகளும் நீச்சலையே புரட்டிப் போட்டன. 2009 ரோம் உலக சாம்பியன்ஷிப்பில் மட்டும் 43 உலக சாதனைகள் விழுந்தன. அதனால் 2010 ஜனவரி முதல் சர்வதேசப் போட்டிகளில் துணியால் ஆன உடைக்கு மட்டுமே அனுமதி. ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை, பெண்களுக்குத் தோளிலிருந்து முழங்கால் வரை என்று எல்லையும் போட்டார்கள். இன்றைய போட்டி உடைகளும் உடம்பை இறுக்கிப் பிடித்து, தண்ணீர் ஒட்டாத பூச்சோடு சில பந்தயங்களுக்காக மட்டுமே செய்யப்படுபவை. தினமும் போட்டால் அந்தப் பூச்சும் இறுக்கமும் போய்விடும்.

வாங்கிய பிறகு

நல்ல இழையை வாங்கிவிட்டுக் கெடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். குளத்திலிருந்து ஏறியதும் குளியலறையிலேயே உடையைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்துவிட்டு மாலையில் எடுத்தால், அத்தனை நேரமும் குளோரின் துணியோடு வேலை செய்துகொண்டிருந்திருக்கும். அலசியபின் முறுக்கிப் பிழியக் கூடாது. துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் ஈரம் போய்விடும். சில குளங்களில் உடையைச் சுழற்றிப் பிழிய ஒரு சின்ன இயந்திரம் வைத்திருப்பார்கள், வசதிதான், ஆனால் எலாஸ்டேன் உள்ள துணிக்கு அது ஆகாது. வாஷிங் மெஷினும் டிரையரும் அப்படியே. எப்போதாவது மென்மையான சோப்புத் தண்ணீரில் கையால் கசக்கினால் போதும், துணி மிருதுவாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். நிழலில் காயப்போடுங்கள். நேர் வெயிலும் குளோரினுக்கு இணையாகத் துணியை வாட்டும்.

நீந்துவதற்கு முன் குளிப்பதும் உடைக்கு நல்லது. வியர்வையும் உடம்பில் பூசிய கிரீமும் குளோரினோடு சேர்ந்து குளோரமின்களாக மாறுகின்றன. "குளோரின் நாற்றம்" என்று நாம் சொல்வது பெரும்பாலும் அதைத்தான். குளித்துவிட்டு இறங்குபவர்கள் நிறைந்த குளத்தில் அந்த நாற்றம் குறைவாக இருக்கும், கண்ணும் எரியாது. வெந்நீர்த் தொட்டிக்குப் பயிற்சி உடையோடு போகவே போகாதீர்கள். சூடும் குளோரினும் சேர்ந்தால் எலாஸ்டேன் வெகு வேகமாகக் கெடும். குளத்தின் சொரசொரப்பான விளிம்பில் உட்கார வேண்டுமென்றால் துண்டையோ பலகையையோ போட்டு உட்காருங்கள்.

வாரம் மூன்று நாளுக்கு மேல் நீந்துபவர் ஒரே உடையில் காலத்தை ஓட்டாமல் இரண்டை வாங்கி மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. ஒவ்வொன்றும் முழுக்கக் காய நேரம் கிடைக்கும். ஈர உடையைத் திரும்பப் போடுவதும், நீந்தி முடித்தபின் அதிலேயே நெடுநேரம் உட்கார்ந்திருப்பதும் துணியைவிடத் தோலுக்குத்தான் அதிகக் கெடுதல். தொடை இடுக்கில் அரிப்பும் பூஞ்சைத் தொற்றும் வருவது அப்படித்தான்.

யாருக்கு எது

விலையை மட்டும் பார்த்தால் எலாஸ்டேன் உடை மலிவாகத் தெரியும். விலையை எத்தனை நாள் நீந்தினோம் என்பதால் வகுத்துப் பாருங்கள். ஓர் உடை ஒன்றரை மடங்கு விலையில் மூன்று மடங்கு நாள் உழைத்தால், ஒரு நாள் நீச்சலுக்கு அது பாதி விலைதான்.

வாரம் நான்கு நாளும் அதற்கு மேலும் நீந்துகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், எலாஸ்டேன் இல்லாத பாலியஸ்டர், பிபிடி உடைதான். முதல் இரண்டு வார விறைப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள், அளவில் மட்டும் கவனமாக இருங்கள். வாரம் இரண்டு மூன்று நாள் என்றால் பாலியஸ்டரோடு கொஞ்சம் எலாஸ்டேன் சேர்ந்தது, அல்லது குளோரினைத் தாங்கும் எலாஸ்டேன் உள்ள நைலான். இந்த இரண்டில் உடம்புக்கு எது இதமோ அதை எடுங்கள், ஆயுளில் பெரிய நஷ்டம் வராது. பிபிடியின் விறைப்பு யாருக்குத் தோலில் தடிப்பைக் கொண்டுவருகிறதோ, பிரசவத்துக்குப் பின்னோ சிகிச்சைக்குப் பின்னோ உடம்பின் அளவு மாறிக்கொண்டே இருக்கிறதோ, அவர்கள் தினமும் நீந்தினாலும் எலாஸ்டேன் உடையையே எடுக்கலாம். சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும், இருக்கட்டும். வளரும் பிள்ளைகளுக்கும் நான் மிக நீண்ட ஆயுள் உள்ள உடையைச் சொல்ல மாட்டேன். துணி போவதற்கு முன் பிள்ளை வளர்ந்துவிடும். ஆனால் தினமும் பயிற்சிக்குப் போகிற பிள்ளைக்கு, வளர்ச்சி நின்ற வயதில், பெரியவர்களுக்குச் சொன்னதேதான்.

நிறம் பற்றியும் ஒன்று. நைலான் எடுத்தால் அடர் நிறத்தில் எடுங்கள், மெலிந்தாலும் உள்ளே தெரிவது கொஞ்சம் தாமதமாகும். முன்பக்கம் முழுக்க லைனிங் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாலியஸ்டர் என்றால் பிடித்த நிறத்தை எடுங்கள்.

எந்த உடையாக இருந்தாலும் மாதம் ஒரு முறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். பின்பக்கம் வெளிச்சம் புகுந்து தெரிந்தாலோ, வெள்ளை வெள்ளையாக ரப்பர் மயிர் மாதிரி நூல் நீட்டிக்கொண்டிருந்தாலோ, இழுத்து விட்டதும் மெதுவாகத் திரும்பினாலோ அதற்கு மேல் தனியாகப் போடக் கூடாது. தூக்கி எறியவும் வேண்டாம். தொய்ந்த பழைய உடையைப் புது உடையின் மேல் போட்டுக்கொண்டு நீந்துவது நீச்சல் வீரர்களிடையே பழைய வழக்கம். தண்ணீரின் இழுவை கூடுவதால் கையும் காலும் அதிகம் உழைக்கும், அதைக் கழற்றிவிட்டு நீந்தும் அன்று உடம்பு லேசாகச் சறுக்கிக்கொண்டு போகும். அந்த அக்கா சொன்ன என் முதல் உடையை இரண்டு வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன், வாரம் ஒரு நாள், அடியில் பிபிடி உடையோடு.